ரெண்டும் இடது கை

கடுஞ்சொல்லை இனிய சொல்லாக மாற்றித் தரும் இதமாக்கியைப் புதுப் போனில் போட மறந்திருந்தாள் அமலி. அதனால் ஓவியக் குழுவில் தன் படங்களுக்குக் கீழே மற்றவர்கள் எழுதியதை முதல்முறையாக அப்படியே படித்தாள்.

"இரு கைகளும் பேசுகின்றன" என்று பழைய போன் காட்டிய வரி, இதில் "ரெண்டும் இடது கையா இருக்கே, கண்ணு தெரியலையா?" என்றிருந்தது. அதற்குக் கீழே அவளே எழுதியிருந்தாள்: "மனம் நிறைந்தது, நன்றி சகோ!" பூங்கொத்துப் படம் வேறு. அடுத்த ஓவியத்திலும் அதே ஆள், அதே இடது கைகள், அதே நன்றி. அந்த நன்றிகளைப் பார்த்து ஊரே சிரித்திருந்தது.

அமலிக்குக் காது மடலெல்லாம் சுட்டது. ஹாலில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிவந்து கணவன் ஸ்டீபன் முன்னால் வைத்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க, எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு அமலி."

அப்போதுதான் தன் காதிலும் இதமாக்கி மாட்டியிருப்பது அவளுக்கு உறைத்தது. அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மறுபடி கேட்டாள்.

"ரெண்டும் இடது கைன்னு எத்தனை தடவைதான் சொல்றது?" என்று எரிந்து விழுந்தான் ஸ்டீபன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். தன் வலது கையை மேசைமேல் விரித்து வைத்தான்.

"இந்தா, இதைப் பார்த்து வரை."