சேற்றில் ஒரு வாசல்

கடல் பின்வாங்கியிருந்த காலையில் பெண்கள் அலையாத்திக் கன்றுகளை வரிசையாக நட்டார்கள். மூன்று வருடங்களுக்கு முன் கடல் கொண்டுபோன தெரு அது. லூர்தம்மாள் மட்டும் ஓரிடத்தில் மூன்றடி இடைவெளி விட்டாள்.

"அங்க ஏன்க்கா நடல?" என்றாள் பக்கத்தில் நின்ற செசிலி.

"அது எங்க வீட்டு வாசல்லா."

"சந்து விட்டா தண்ணி அதுவழியாத்தான் வரும். இப்ப இருக்கிற வீடும் போயிரும்க்கா."

லூர்தம்மாள் அந்த இடைவெளிக்குள் குனிந்து நுழைந்தாள். வீடு இருந்தபோது அந்த வாசல் நிலை எப்போதும் தலையில் இடிக்கும். உள்ளே நின்றபடி இரண்டு கன்றுகளை நட்டு வாசலை அடைத்தாள்.

சுற்றிலும் முழங்கால் உயரக் கன்றுகள்தான். சுவர் எதுவும் இல்லை.

"வாங்கக்கா, தண்ணி ஏறுது" என்று செசிலி கூப்பிட்டாள்.

லூர்தம்மாள் வெளியே வர வழி தெரியாமல் நின்றாள்.