புல் இல்லாத முற்றம்

“மறுபடியும் ஹால்ல ஈரம்! முற்றம் பூரா சிமெண்ட். ஒண்ணுக்குப் போக நாய்க்குப் புல்லு வேணும்னா நான் எங்க போறது? இன்னைக்கே திருப்பிக் கொடுத்துடறேன்” என்று கத்தினான் கணவன்.

“முற்றத்துல மண் தட்டு வெச்சிருக்கேங்க. இன்னும் ஒரே வாரம், பழகிடும்” என்று தரையைத் துடைத்தபடி கெஞ்சினாள் மனைவி.

“போன வாரமும் இதேதான் சொன்னே!”

அவன் நாய்க்குட்டியைத் தூக்கிக் கூடையில் போட்டான். அது அவன் கையையே நக்கியது.

“இறக்கி விடுடா” என்றார், நாற்காலியில் இருந்த அப்பா.

“செல்லம் குடுக்காதீங்கப்பா!”

“அது மண்ணுல போகப் பழகிப் பத்து நாளாச்சு.” அவர் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. “பாத்ரூம் வரைக்கும் அடக்க முடியாதது எனக்குத்தான்.”

அவன் கூடையை மெல்லக் கீழே வைத்தான்.

“ஏன் மாமா சொன்னீங்க?” என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அது பாட்டுக்குப் பழியைச் சுமந்துக்கிட்டுதானே இருந்துச்சு!”