மின்விசிறி பார்த்த தூக்கம்

அந்த வீட்டு மின்விசிறிக்குத் தன் காற்றின்மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. கட்டிலில் படுக்கும் அருணகிரியிடம் மட்டும் அது தோற்றுப்போயிருந்தது. மனிதர் குறட்டை விடுவார். நடுவில் மூச்சே நின்றுபோகும். விசிறி பதறிப்போய்ச் சுற்றும். மனைவி தில்லைநாயகி தோளைப் பிடித்து உலுக்கினால்தான் மூச்சு திரும்ப வரும்.

டாக்டர் சொல்லி ஒரு சின்ன மெஷின் வந்தது. அதன் குழாய் மூக்கில் மாட்டும் மாஸ்க்கில் போய் முடிந்தது. அருணகிரி அதை மாட்டிய வேகத்திலேயே பிடுங்கி எறிந்தார்.

"அறை நிறையக் காத்து தர்றேன், என்னாலயே முடியல. சோத்து டப்பா மாதிரி இருந்துக்கிட்டு நீ என்ன தம்பி கிழிக்கப்போறே?" என்றது விசிறி.

"காத்து இருக்குண்ணே. அது உள்ளே போற வழிதான் தூக்கத்துல அடைச்சுக்குது. அதை நான் திறந்து பிடிச்சுக்கிறேன், அவ்வளவுதான். அவர்தான் பழகணும்," என்றது மெஷின்.

தில்லைநாயகி ஒரு வழி கண்டுபிடித்தாள். கட்டிலில் சாய்ந்து அவர் டிவி பார்க்கும்போதெல்லாம் மாஸ்க்கை மாட்டிவிட்டாள். முதலில் திட்டினார், பிறகு முனகினார். ஒரு மத்தியானம் கிரிக்கெட் பார்த்தபடியே தூங்கிப்போனார்.

மூச்சு இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று விசிறி காத்திருந்தது. நிற்கவே இல்லை. ஊஞ்சல் ஆடுவதுபோலச் சீராகப் போய்ப் போய் வந்தது.

"தம்பி, அங்கே பாரேன்," என்றது விசிறி, மெல்ல.

உலுக்குவதற்காக அவர் தோளில் வைத்த கை வைத்தபடியே இருக்க, தில்லைநாயகி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லடா."