கடைசி எண்

டாக்ஸி டிரைவர் கோமதிநாயகம் சவாரிக்குப் போய், காரோடு காணாமல்போய் முப்பது வருடமாகிவிட்டது. பழைய கார்கள் சேர்க்கும் ஒருவரின் கொட்டகையில் அதே மாதிரி வண்டி நிற்பதாகக் கேள்விப்பட்டு, மகன் செண்பகராமன் ஆர்சி புக்கோடு வந்திருந்தான். சேஸிஸ் நம்பர் இருந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தான். எண்கள் ஒவ்வொன்றாக எழும்பின. கடைசி எண்ணான ஏழுவரை எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தன.

“எங்கப்பா வாங்குனது. யாரு வித்தாங்கன்னு தெரியாது” என்றார் கொட்டகைக்காரர்.

அம்மா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றிருந்தாள். காலையில் வைத்த குங்குமம் வேர்வையில் மூக்குவரை வழிந்திருந்தது.

“அப்பா வண்டிதானாடா?”

செண்பகராமன் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

“இல்லம்மா. நம்பர் வேற.”

“நல்லவேளை” என்றாள் அம்மா, அவன் முகத்தைப் பார்க்காமல்.