ராணி காத்த ஒன்பது பேர்

"மரியம்மா, அழிறப்பர் எங்க கிடக்கு?"

"மேசை லாச்சிக்குள்ள பாருங்கோ. என்ன, பேப்பர்க் குறுக்கெழுத்துக் கட்டத்தைப் பிழையா நிரப்பிட்டியளோ?"

"ஓம். ஒரு சொல்லை மாத்த வேணும்."

பிறகு மரியம்மாவின் புருசன் றெமிஜியஸ் கடைச் சாமான் துண்டு எழுதினார். பால். பாண். மெழுகுதிரி. எதை எழுதினாலும் பின்னால் முற்றுப்புள்ளி வைக்கும் பழைய வாத்தியார் அவர். துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனவர், பஸ் தரிப்பில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில், ஆறாம் மாதத்திலேயே பிறந்து டொக்டர்மார் கைவிட்டிருந்த பேத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் தானாக மூச்சுவிடத் தொடங்கினாள்.

மூன்று மாதம் கழித்து மகள் ஏஞ்சலா குழந்தையைக் கனடா ஸ்காபரோவில் இருந்த வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, மரியம்மா சுவரில் இருந்த படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

மன்னாரிலிருந்து வந்த பழைய செதுக்கு அச்சுப் படம் அது. சிறைக்குள் முழங்காலில் நிற்கும் ஒரு ராணி. எங்கே நின்று பார்த்தாலும் அவள் கண்கள் பார்ப்பவருக்குப் பின்னால் இருக்கும் கதவையே பார்க்கும்.

"எங்கயம்மா கொண்டுபோறியள்?"

"குப்பைக்கு. உன்ர அப்பரைக் காப்பாத்தாதவ என்ர பேத்தியைப் பாக்க வேண்டாம்."

"நான் போனில தேடிப் பாத்தனான். உவ மாதாவுமில்லை, புனிதையுமில்லை. தன்ர வேதத்தை விடமாட்டன் எண்டதுக்காகப் பூட்டிவைச்ச ராணி. பூட்டினது எங்கட கத்தோலிக்கச் சபைக்காரர்."

மரியம்மா படத்தைப் பார்த்தாள். "அப்ப நாப்பது வருசமா உவவுக்கோ செபமாலை சொன்னனாங்கள்? உவவுக்குக் கோவம் வராமல் என்ன செய்யும்."

"குப்பையில போடாதேங்கோ. அப்பா இருந்திருந்தால் குஞ்சின்ர பேரைப் பின்னுக்கு எழுதியிருப்பார்."

அது றெமிஜியஸ் குடும்பத்து வழக்கம். ஒன்பது நாள் செபமான நவநாளைப்போல, படத்திலிருப்பவள் காக்கட்டும் என்று பின்மட்டையில் ஒன்பது பேருடைய பெயர்கள் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். பத்தாவது எழுதக்கூடாது. ஒருவர் போனால்தான் அந்த வரியை அழித்து இன்னொருவரை எழுதலாம்.

"முதல் வரி அவற்ர பேர். அதை என்ர கையால அழிக்கச் சொல்லுறியோ?"

"நான் அழிக்கிறன். நீங்கள் நயோமி எண்டு எழுதுங்கோ."

குழந்தைக்கு வெகுநாள் பெயரே இருக்கவில்லை. றெமிஜியஸைப் புதைத்து ஒரு மாதத்தின் பின் வார்ட்டுக்குப் புதிதாக வந்து, குழந்தையைக் கண்போலப் பார்த்த ஜமேக்கா நேர்ஸின் பெயரைத்தான் ஏஞ்சலா வைத்தாள்.

மரியம்மா தொட்டில் பக்கம் திரும்பினாள். குழந்தை முனகியது.

"சரி, அழிறப்பரை எடு லாச்சிக்குள்ள இருந்து."

படத்தை மேசையில் கவிழ்த்தார்கள். மூன்று மாதமாக யாரும் அதன் முன் மெழுகுதிரி ஏற்றவில்லை. ஆனாலும் சட்டம் இளஞ்சூடாக இருந்தது. ஏஞ்சலா பின்பக்கத் தாளை விலக்கினாள்.

"அம்மா, நீங்கள் முந்தியே எழுதிட்டியளோ?"

"நான் அதில கைவைக்கவேயில்லையே."

முதல் வரியில் 'றெமிஜியஸ்' இல்லை. மட்டை மெலியும்வரை யாரோ அழித்திருந்தார்கள். அதன்மேல் பென்சிலால் 'நயோமி' என்று எழுதியிருந்தது.

பெயருக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி.