பெட்டியில்தான் கோளாறு

"என் கண்ணுல ஒரு குறையும் இல்ல டாக்டர். உங்க பெட்டியிலதான் கோளாறு."

கண் டாக்டர் பேனாவை மூடி வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் காலையிலிருந்து இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். ஆறு மீட்டர் தள்ளிச் சுவரில் புது மானிட்டர். அதில் தெரியும் எழுத்தைப் படித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். டிரைவருக்கு முதல் எழுத்தே தெரியவில்லை.

"முதல் எழுத்தே தெரியலைன்னா, கண்ணாடி போட்டாலும் பஸ்ஸைத் தொட விடமாட்டாங்க பெரியவரே. நான் என்ன செய்யட்டும்?"

"இன்னைக்கோட லைசென்ஸ் முடியுது. நீங்க கையெழுத்துப் போடலைன்னா நாளையிலேர்ந்து டெப்போவுல உக்காந்து டயருக்குக் காத்தடிக்கணும். முப்பது வருஷம் ஓட்டினவன் நான்."

"அதுக்காகப் பொய்யா எழுத முடியுமா?"

"பொய் வேணாம். கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. இந்தப் பெட்டி வந்து எத்தனை மாசமாச்சு?"

"மூணு."

"மூணு மாசத்துல எத்தனை பேர் தேறினாங்க?"

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் கூரையைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் இல்ல சார். வந்தவங்க எல்லாருக்கும் கண்ணாடிதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. உங்களுக்கும் சேத்து."

"கேட்டுக்குங்க! ஊரே ஒண்ணாச் சேந்து குருடாப் போச்சா? நம்புற மாதிரி ஏதாவது பேசுங்க."

டாக்டருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கம்ப்யூட்டர்காரனுக்குப் போன் போட்டார்.

அரைமணி நேரத்தில் வந்துவிட்டான். சோடா பாட்டில் கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் ஸ்டாண்டில் தொங்கிய வெள்ளைக் கோட்டுக்கு, "வணக்கம் சார்" என்றான். பிறகு நாற்காலிக்கும் மேஜைக்கும் நடுவே உட்காரப் போனான். நர்ஸ் நாற்காலியை நகர்த்திக் கொடுத்துக் காப்பாற்றினாள்.

"இவனா சரிபண்ணப் போறான்?" என்றார் டிரைவர், அவன் காதுபடவே.

ஆனால் வேலை தெரிந்தவன். மவுஸை இரண்டு தட்டு தட்டியதும் கண்டுபிடித்துவிட்டான்.

"சாஃப்ட்வேர் பழசு, மானிட்டர் புதுசு சார். புதுசுல புள்ளியெல்லாம் பொடிப்பொடியா இருக்கும். பழைய சாஃப்ட்வேர் எழுத்தை இத்தனை புள்ளின்னு எண்ணித்தான் போடும். புள்ளி சின்னதானா எழுத்தும் சின்னதாயிடும். எழுத்தைப் பெருசாக்குற ஸ்கேலிங்கை ஏத்தினா சரியாப் போயிடும்."

"நான் சொல்லல? பெட்டிதான்!" டிரைவர் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"எவ்வளவு ஏத்தணும்?" என்றார் டாக்டர்.

"நூத்தம்பது, இருநூறு பர்சென்ட்னு போட்டுப் பாப்போம். கண்ணுக்குச் சரியாப் பட்டா விட்டுடலாம்."

"அதென்ன கண்ணுக்குப் படுறது? தையக்காரன் கண்ணாலயா அளக்கிறான்?" டிரைவர் குறுக்கே விழுந்தார். "தம்பி, ஒரு டேப் எடுத்துக் குடு."

"நான் நர்ஸ்!"

"யாரா இருந்தா என்ன? டேப்பைக் குடு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நர்ஸ் தன் கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்துக் கொடுத்தாள். பெட்டி வருமுன் சுவரில் மாட்டியிருந்த பழைய அட்டையில் முதல் எழுத்து ஒன்பது சென்டிமீட்டர் உயரம் என்று டாக்டர் சொன்னார். கம்ப்யூட்டர்காரன் டேப்பின் நுனியைத் திரையில் ஒட்டவைத்து, மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்து, ஏற்றினான். மறுபடி பார்த்து, மறுபடி ஏற்றினான்.

"இருநூறே போதும்னு நெனச்சேன், ஐந்நூறு வரைக்கும் போயிடுச்சு சார். இப்ப எண்ணி ஒன்பது."

"ஓர் எழுத்து ஓர் ஆள் தலை அளவுக்கு இருக்கே?" டாக்டர் இழுத்தார்.

"மூணு மாசமாச் சின்னதையே பாத்துப் பழகிட்டீங்க சார். சரியான அளவு அப்படித்தான் தெரியும்."

டாக்டர் படித்தவர். கம்ப்யூட்டர் சங்கதி என்றதும் வாயை மூடிக்கொண்டார்.

டிரைவர் கடைசிச் சுவர்வரை போய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ப... ட... ம..." ஒவ்வொரு வரியாக வந்தது. ஒன்றைக்கூட விடவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட இப்படிப் படித்திருக்க மாட்டார்.

டாக்டர் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். டிரைவர் சான்றிதழைப் பறிக்காத குறையாக வாங்கினார்.

"முப்பது வருஷ டிரைவரைக் குருடன்னு சொல்ல வந்துட்டீங்க. நல்லா இருங்க!" என்று சொல்லிவிட்டு, வாசலில் நிறுத்தியிருந்த காலி பஸ்ஸை நோக்கி விறுவிறுவென்று போனார்.

கம்ப்யூட்டர்காரன் பையைக் கட்டியவன், கிளம்பாமல் தலையைச் சொறிந்தான்.

"சார், அப்படியே எனக்கும் ஒருவாட்டி பாத்துடுங்க. போன மாசம் இதே பெட்டியில பாத்துத்தான் இந்தக் கண்ணாடியை எழுதிக் குடுத்தீங்க. போட்ட நாள்லேர்ந்து எனக்கு ஒண்ணுமே சரியாத் தெரியல."

சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினான். ஸ்டாண்டில் தொங்கிய வெள்ளைக் கோட்டு, கோட்டாகவே தெரிந்தது. நாற்காலி இருந்த இடத்தில் இருந்தது. கையில் இன்னும் பிடித்திருந்த டேப்பைப் பார்த்தான். கட்டைவிரல் நின்ற இடம் ஒன்பதுதான்.

ஆனால் அது அங்குலப் பக்கம்.

வாசலில் டமார் என்று ஒரு சத்தம். பஸ் கண்ணாடி நொறுங்கிக் கொட்டியது. அதைத் தொடர்ந்து டிரைவரின் குரல்:

"எந்தப் பயடா ரோட்டுக்கு நடுவுல சுவர் கட்டி வச்சது?"