யானை இல்லாத தூண்

"தம்பி, யானையையும் எடுத்துவிடுங்கோ."

றமணன் கையிலிருந்த கத்தியை மேசையில் வைத்தான். லண்டனில் மிச்சம் என்னும் இடத்தில் இருந்த அவனுடைய பட்டறையில், ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகையில் செதுக்கிய நாலு மணவறைத் தூண்கள் நின்றன. தவநாயகி அக்கா சொன்னாரென்று போன கிழமைதான் மயில்களை வெட்டி எறிந்தான். அதற்கு முதல் நடனப் பெண்கள் போனார்கள். இன்றைக்கு யானையாம்.

"யானையும் இல்லையெண்டா தூணில என்னதான் அக்கா இருக்கிறது?"

"இலை. திராட்சைக் கொடி. இஞ்ச பாருங்கோ."

தவநாயகி கைப்பேசியை நீட்டினார். சிரியாவில், ரக்கா என்ற ஊரில், ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் செதுக்கிய தூணின் தலைப்பகுதி. கல்லென்று நம்பவே முடியவில்லை. இலைக்குள் இலை புகுந்து, கொடியைக் கொடி சுற்றி, பின்னல் வேலை போலக் கிடந்தது. மருந்துக்குக்கூட ஒரு மிருகமோ மனித முகமோ இல்லை.

"மணவறைக்கு இதுவோ அக்கா? பள்ளிவாசல் தூண் மாதிரியெல்லோ கிடக்கு!"

"மாப்பிள்ளையின்ர ஊர் வேலை, தம்பி. அவையின்ர பெரியாக்களும் மேடைக்கு வருவினம். உருவங்கள் இருந்தா அவைக்குச் சங்கடம்."

மூலைக் கதிரையில் அக்காவின் மகள் கம்சிகா வழக்கம்போலத் தலைகுனிந்து இருந்தாள். ஒவ்வொரு முறையும் தாயோடு வருவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளைப் பார்க்கப் பார்க்க றமணனுக்குத் தாய்மேல் இருந்த எரிச்சல் இன்னும் கூடியது.

"பொம்பிளைக்கு இது விருப்பமோ அக்கா?"

"ஓம், நல்ல விருப்பம்."

"வடிவாக் கேட்டனீங்களோ?"

"அதெல்லாம் கேட்டாச்சு. நீங்கள் முதல்ல அந்தத் தும்பிக்கையை வெட்டுங்கோ."

பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினான். யானை நின்ற இடத்தில் இலைகளைச் செதுக்கத் தொடங்கினான். தவநாயகி குனிந்து பார்த்தார்.

"தட்டையாக் கிடக்கு. இன்னும் ஆழமாத் துளையுங்கோ. வெளிச்சம் பட்டா உள்ளுக்கு நிழல் விழவேணும்."

"இது ரெஜிபோம் அக்கா! இதுக்கு மேல துளைக்க ஏலாது, உடைஞ்சிடும்."

"கல்லிலயே செய்திருக்கினம்."

றமணன் துளைத்தான். 'டக்' என்று ஒரு கொடி முறிந்து அவன் காலடியில் விழுந்தது. அதோடு அவன் பொறுமையும் போய்விட்டது.

"அக்கா, கோவிக்காதேங்கோ. நீங்களும் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து எல்லாத்தையும் முடிவெடுக்கிறியள். அந்தப் பிள்ளை இன்னும் வாயே திறக்கேல்லை. இந்தக் காலத்தில, லண்டனில, வற்புறுத்திக் கலியாணம் செய்து வைக்கிறதோ? அப்பிடியெண்டா உங்களுக்குத் தூண் செய்ய நான் ஆளில்லை!"

தவநாயகி முகம் சிவந்து தரையைப் பார்த்தார்.

கள்ளத்தைப் பிடித்துவிட்டோம் என்று றமணன் நினைத்துக்கொண்டான். நேரே கம்சிகாவிடம் போனான்.

"பிள்ளை, பயப்பிடாமச் சொல்லும். இந்தக் கலியாணத்துக்கு ஆரும் வற்புறுத்தினவையோ?"

கம்சிகா காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள். அவன் திரும்பவும் கேட்டான். அவள் சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னாள்:

"ஓம் அங்கிள், நான்தான் வற்புறுத்தினனான். அப்பா போனதுக்குப் பிறகு தனிய இருந்தது போதும் எண்டு ரெண்டு வருசமாக் கெஞ்சி, இப்பத்தான் அம்மா தன்ர கலியாணத்துக்கு ஓமெண்டவ."